உக்கிராண அறையில் ஆர்மீனியா

கொஞ்சம் சங்கீதமும் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருப்பது ஊருக்கு ஆபத்து. ஏதாவது ஒன்று முழுசாகத் தெரிந்தவன் அடக்கமாக இருப்பான். ஒன்றுமே தெரியாதவன் கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டுவான். இரண்டையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டவன்தான் சோல்டரிங் அயர்னைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். பிள்ளைகளே, உங்கள் அப்பா அப்படிக் கிளம்பியவன்.

செல்வி அத்தையின் கல்யாணக் கதையை அத்தையே சொல்லி நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறீர்கள். அந்தக் கதையில் நான்தான் கோமாளி. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் சிரிப்புக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று சில விஷயங்களை அத்தை தாண்டிவிடுவாள். அதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்ட பிறகு (நான்தான் முதலில் அதைக் கைவிட்டேன்) காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டு மேலேயே இருந்த ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். உங்கள் தாத்தாவுக்குத் திருவெறும்பூர் பக்கத்து ஆலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. அந்த ஆலைக்குச் சில மாதங்கள் வந்து போன வெளிநாட்டு என்ஜினியர் ஒருவரை என் அப்பா ஒருநாள் கடைக்குக் கூட்டி வந்தார். அவருடைய டேப் ரிக்கார்டர் ஓடவில்லை. பெயர் ஹாகோப்.

"ரஷ்யாக்காரர்டா" என்று அப்பா சொன்னதும் அந்த மனிதரின் முகம் சுண்டிவிட்டது.

"நோ ரஷ்யா. ஆர்மீனியா."

"அது எங்க சார் இருக்கு?"

கடைச் சுவரில் உலகப்படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியது. அவர் தேடித் தேடி ஓரிடத்தில் விரலை வைத்தார். விரல் இருந்தால் நாடு மறைந்துவிட்டது. விரலை எடுத்தால் நாடு எங்கே என்று தெரியவில்லை.

"இவ்வளவுதானா? நம்ம லால்குடி தாலுக்கா பெருசா இருக்கும் போலிருக்கே" என்றார் அப்பா. (அப்பாவின் புவியியல் அவ்வளவுதான். என்னுடையதும் அவ்வளவுதான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.)

டேப் ரிக்கார்டர் ஓடத் தொடங்கியதும் தன் ஊர்ப் பாட்டு ஒன்றைப் போட்டார். அதோடு நிற்காமல் பையிலிருந்து ஒரு குட்டைக் குழலை எடுத்து அவரே ஊதிக் காட்டினார். டுடுக் என்று பெயராம். நாகஸ்வரத்தைக் கம்பளிக்குள் சுற்றி வைத்து ஊதினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். ஒருவர் பாட்டை வாசிக்கும்போது இன்னொருவர் மூச்சு விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், நம் நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி. பாட்டு ஓர் இடம் வரைதான் ஊருக்குப் பொது, அதற்கு மேல் வாசிப்பவன் மனசு போன வழி என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

"இது என்ன பாட்டு சார்?" என்று கேட்டேன்.

அவர் அப்பாவின் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். தலையைக் குனிந்து, அடி மேல் அடி வைத்து, கடை வாசலைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டார். அங்கிருந்து எங்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்த பஸ் ஹாரன் அடித்ததும் உள்ளே ஓடி வந்தார்.

"கல்யாணம் முடிஞ்சு பொண்ணு வீட்டை விட்டுப் போகுது" என்று அப்பா மொழிபெயர்த்தார்.

"எஸ்! ஃபாதர் க்ரை. மதர் க்ரை. ஆல் க்ரை. குட் வெட்டிங்!"

அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. "நம்ம செல்வி கல்யாணத்துக்கு இதைத்தான்டா போடணும். நான் நல்லா அழுவேன் பாரு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

ஹாகோப் ஊருக்குப் போகும்போது அந்த டேப்பை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஐப்பசி அடைமழையில் ஷிஃப்ட் முடிந்து நனைந்து வந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடத்திவிட வேண்டும், இல்லையென்றால் தள்ளிக்கொண்டே போகும் என்று காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம் ஒன்று செல்வியைப் பார்க்க வந்தது. மாப்பிள்ளை தனபாலுக்கு அப்பா கிடையாது, பெரியப்பாதான் எல்லாம். அந்தப் பெரியப்பா காபியைக் குடித்து முடித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"துக்க வீட்ல பொண்ணு எடுக்கிறோம், பரவால்ல. ஆனா கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல ஒரு பொட்டுக் கண்ணீர் விழக்கூடாது. விழுந்துச்சுன்னா மாப்பிள்ளையை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா, "விழாதுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அம்மா அழவில்லை. மண்டபத்தில் அழுதுவிடக் கூடாது என்று வீட்டிலேயே பழகத் தொடங்கிவிட்டாள். அப்பாவின் சட்டையை மடித்து வைக்கும்போது அழவில்லை. ஆலையிலிருந்து அவருடைய சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வாங்கிப் புளி போட்டு விளக்கிக் கவிழ்த்தாள், அழவில்லை. வெங்காயம் அரிகிற வேலையைக்கூடச் செல்வி பக்கம் தள்ளிவிட்டாள். "என்னம்மா, வெங்காயத்துக்கும் தடையா?" என்று நான் கேலி செய்தேன். அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் அப்பா போனதிலிருந்து கண்ணில் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு ஆம்பளை நான்தான் என்று ஆளாளுக்கு முதுகில் தட்டியதில் உள்ளேயே இறுகிவிட்டது போல.

கல்யாண வேலைகள் தொடங்கின. எனக்குக் கல்யாணமாகாததால் தாரை வார்த்துக் கொடுக்க நான் லாயக்கில்லை, சித்தப்பாவும் சித்தியும் செய்வதாக முடிவாயிற்று. அம்மாவோ மணவறைப் பக்கமே வரக்கூடாது. பந்தல், பாத்திரம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. அண்ணன்காரன் எனக்கு மட்டும் வேலை இல்லை. அப்போதுதான் அப்பா சொன்ன பாட்டு ஞாபகம் வந்தது.

என் திட்டம் இது: அடியில் ஆர்மீனியக் கிராமத்துப் பாட்டு. அதன் மேல் நம்மவன் ஒருவனின் கற்பனை. அதற்கும் மேல் என்னுடைய கரண்ட். ஒத்து ஊத ஆள் தேடாமல், பழைய ரேடியோ பாகங்களை வைத்து ஒரே சுரத்தை விடாமல் ஊதும் பெட்டி ஒன்று செய்தேன். (அது ஊதியதைக் கேட்டுக் கடை முதலாளி குக்கர் விசில் வந்துவிட்டது என்று வீட்டுக்குக் குரல் கொடுத்தார்.) அடுத்தது எதிரொலி மெஷின். டேப்பை வளையமாக ஒட்டி, ஒரு பக்கம் பதிந்ததை மறுபக்கம் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். "ஆ" என்றால் "ஆ... ஆ... ஆ..." என்று மலைக்கோட்டைக்கு எதிரே நின்று கத்தின மாதிரி கேட்கும். எத்தனை முறை சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு திருகி.

கற்பனைக்கு என் சிநேகிதன் ஆரோக்கியம். பாலக்கரையில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவன். டேப்பை ஒரு தடவை கேட்டாலே பிடித்துக்கொள்வான். அவனிடம் ஒரே ஒரு சிக்கல். பேண்டு செட்டுக்கு வரும் கிராக்கியில் முக்கால்வாசி சாவு ஊர்வலம். அவன் கற்பனைக்குத் தெரிந்த பாதை வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும்தான். எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்பான்.

கடையில் நாங்கள் ஒத்திகை பார்த்தபோதெல்லாம் ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "யாருக்குப்பா என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"டேய், வேணாம்டா. மனசைப் பிசையுது. கல்யாண வீட்ல ஆகாதுடா" என்றான் ஆரோக்கியம்.

"கல்யாணப் பாட்டுடா இது! அவரு நடிச்சே காட்டினாரு."

"அவங்க ஊர்ல அழுதா நல்ல கல்யாணம். நம்ம ஊர்ல அழுதா கல்யாணமே நின்னுடும். உங்க சம்பந்தி சொன்னதை நீதானேடா என்கிட்ட சொன்னே?"

"யாருடா அழப்போறா? கரண்ட் கலந்தா சோகம் போயிடும்டா." இப்படி ஒரு விஞ்ஞானத்தை எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில், காவிரிப் படித்துறைக்குப் போகும் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு சத்திரத்தில். காலையில் என் சாமான்களோடு போய் இறங்கினால், மேடைப் பக்கம் இருந்த பிளக் பாயிண்ட் எதிலும் உயிர் இல்லை. கரண்ட் இருந்த ஒரே பிளக், காய்கறியும் தேங்காயும் அடுக்கியிருந்த உக்கிராண அறையில்தான். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டு அதில் சொருகினேன். பெட்டிகளை அங்கேயே பரப்பினேன். கதவோரமாக மைக்கை நிறுத்தி ஆரோக்கியத்தை ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஹாரன் ஸ்பீக்கர்கள் இரண்டும் சத்திர வாசலில், தெருவைப் பார்த்து.

நான் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. மணவறைப் பக்கம் வரக்கூடாது என்றால் அம்மா எங்கே இருப்பாள்? அந்த உக்கிராண அறையில்தான். தேங்காய் எடுத்துக் கொடுக்க, வெற்றிலை எண்ணிக் கொடுக்க என்று அந்த அரிசி மூட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து கதவு இடுக்கு வழியாக மணவறையின் ஒரு மூலை மட்டும் தெரியும். அதில் செல்வியின் முழங்கை தெரிந்தது. அம்மா அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகஸ்வரக்காரரிடம் போய் ஐந்து நிமிஷம் கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "என்ன வாத்தியம் தம்பி?" என்றார்.

"கிளாரினெட்டுங்க. ஆர்மீனியா நாட்டுச் சங்கீதம். அதுக்கு மேல கற்பனை. அதுக்கு மேல கரண்டு."

"கரண்டா?" என்று தவில்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நாம இவ்வளவு நாளா வெறும் மூச்சை வச்சுக் காலம் தள்ளியிருக்கோம்." தவில்காரர் வெற்றிலைச் சிரிப்போடு, "வாசிக்கட்டும், நாம ஒரு காபி குடிப்போம்" என்றார்.

செல்வி கூறைப்புடவை கட்டிக்கொண்டு வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் தட்டிவிட்டேன். ஒரே சுரம் அடிவயிற்றிலிருந்து எழுந்தது. அதன் மேல் ஆரோக்கியம் ஆர்மீனியாவைத் தொடங்கினான்.

நன்றாகத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். பாட்டு தன் எல்லைக்கு வந்து, கற்பனை தொடங்கியது. ஆரோக்கியத்தின் கிளாரினெட் இரண்டு வளைவு வளைந்து, பழகின பாதையில் இறங்கத் தொடங்கியது. நான் திருகியை லேசாகத் திருப்பினேன். ஒவ்வொரு இறக்கமும் இரண்டாக, மூன்றாக இறங்கியது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. "அம்மா, வேணாம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். முந்தானை கீழே விழுந்தது.

"மாலை கட்டி வச்சிருக்கேன் மகராசா... உங்க மக மணவறையில உக்காந்திருக்கா... பாக்க வரலியே..."

அவ்வளவு மாதங்களாக அடக்கி வைத்த குரல் அது. என் பெட்டியின் சுரத்துக்குக் கொஞ்சமும் விலகாமல் வந்து உட்கார்ந்தது. அழுகுரல் கேட்டால் அதன் பின்னாலேயே கிளாரினெட்டைக் கொண்டுபோவது ஆரோக்கியத்தின் தொழில். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தவன் தன்னை அறியாமல் அம்மாவின் பின்னாலேயே போய்விட்டான். மெஷின் தன் கடமையைச் செய்தது.

"வரலியே... வரலியே... வரலியே... வரலியே..."

திருகியைக் குறைக்கப் போனேன். பதற்றத்தில் நேர்மாறாகத் திருப்பினேன். அது கையோடு கழன்று வந்துவிட்டது. "வரலியே" நிற்காமல் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, வாசல் ஸ்பீக்கர் வழியாக அம்மா மண்டபம் ரோடு முழுக்கப் போனது. காவிரியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு போனவர்கள் சத்திர வாசலில் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வாழைமரத்தடியில் நின்ற சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

(அத்தை கதையில் நீங்கள் சிரித்து உருளும் இடம் இது. நானும் சிரிப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.)

பிளக்கைப் பிடுங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பிளக், அம்மா சாய்ந்திருந்த மூட்டைக்குப் பின்னால். பிடுங்க வேண்டுமென்றால் அம்மாவைப் பிடித்து நகர்த்த வேண்டும். இரண்டு தடவை கையை நீட்டினேன். என்னால் முடியவில்லை.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பெரியப்பா எழுந்துவிட்டார். "நிறுத்துங்கய்யா! கல்யாண வீடா இது, எழவு வீடா? அன்னைக்கே சொன்னேனா இல்லையா? தனபாலு, எந்திரிடா!"

மாப்பிள்ளை பாதி எழுந்து நின்றார். பெரியப்பா அவர் மாலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஓடி வந்து, "ஐயா, கொஞ்சம் பொறுங்கய்யா, அந்தப் புள்ளை மொகத்தைப் பாருங்கய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த செல்வி நிமிர்ந்தாள். டம்ளரும் கையுமாக ஓடி வந்த தவில்காரரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"மேளக்காரண்ணே, கெட்டிமேளம் போடுங்க."

"இன்னும் தாலியே எடுக்கலையேம்மா..."

"பரவால்ல, போடுங்கண்ணே. எங்கம்மா அழுவுறாங்க. யாருக்கும் கேக்க வேணாம்."

தவில்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் தாலி கட்டும் நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம். அவர் அடித்த அடியில் சத்திரத்து ஓடு அதிர்ந்தது. நாகஸ்வரமும் சேர்ந்துகொண்டது. "வரலியே" அதில் அமுங்கிவிட்டது. அய்யர் பெரியப்பாவின் காதருகே போய், "முகூர்த்தம் நடந்துண்டுதான் இருக்கு. கட்டலாம், தோஷமில்லை" என்று கத்தினார். பெரியப்பா கேட்கவில்லை. மாலையை விட்டுவிட்டு, தன் பக்கத்து ஆட்களைக் கையசைத்து எழுப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்துவிட்டார். ஏன் உட்கார்ந்தார் என்று உங்கள் மாமா இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. (கேட்டால், "கால் மரத்துப் போச்சு" என்பார்.) தாலியைக் கட்டினார்.

தாலி ஏறினதும் மேளக்காரர் குச்சியைத் தாழ்த்தப் பார்த்தார். செல்வி அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம், நிறுத்தாதீங்க. அவர் மறுபடி அடித்தார். வியர்த்துக் கொட்டியது, விரலில் மாட்டியிருந்த கூடு ஒன்று தெறித்து விழுந்தது, அடித்துக்கொண்டேயிருந்தார்.

உக்கிராண அறையில் நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த இரைச்சலில் அவள் எவ்வளவு கத்தினாலும் பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது. அவள் என் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எனக்குள் இறுகிக் கிடந்தது என்னவோ அப்போதுதான் உடைந்தது. நானும் கத்தினேன். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. எத்தனையோ சாவுக்கு வாசித்த ஆரோக்கியம் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அழுது ஓய்ந்ததும் அம்மா மூக்கைச் சிந்தினாள். "இது என்னடா முதுகுல சூடா இருக்கு?" என்று மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு, பிளக்கை அவளே பிடுங்கிப் போட்டாள். நான் கதவருகே போய்ச் செல்வியைப் பார்த்து, போதும் என்று கையைக் காட்டினேன். மேளம் நின்றது. சத்திரமே செவிடானது போல இருந்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை முதப் பந்தியில உக்கார வைக்கச் சொல்லு" என்றாள். அவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இலைகள் காலியாகக் கிடந்தன.

பெரியப்பா அதற்குப் பிறகு அத்தை வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. அவர் காலமானபோதுகூட அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மாமா தெருக்கோடியில் நின்று ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அத்தை இதையெல்லாம் கதையில் சேர்க்கமாட்டாள்.

ஆனால் அன்றிலிருந்து நம் குடும்பத்தில் யாருக்குக் கண் கலங்கினாலும் யாராவது ஒருவர், "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்துவது வழக்கமாகிவிட்டது. உங்கள் அப்பாயி இருந்தவரை அவள்தான் முதலில் கத்துவாள்.

பெரியவளே, உன் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று நீ கொல்லைப்புறத்துப் படியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாயே. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த அத்தை உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டாள். நீ அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாய். சட்னி அரைக்கிறாள் என்று நினைத்திருப்பாய். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அத்தை மூடியை அழுத்திப் பிடித்தபடி கொல்லைப்புறத்துக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜாடியில் ஒன்றும் இல்லை.